இயலாமையா, சோம்பலா?

ஸுப்ஹுடைய பாங்கு காதில் விழுகின்றது. எழ வேண்டுமென்ற எண்ணமும் உள்ளத்தில் இருக்கின்றது. ஆனால் கை கால்கள் ஈயத்தை ஊற்றி வைத்தாற்போல் கனக்கின்றன. ஒருவாறு எழுந்து ஒளூ செய்து தொழுது முடித்தால், அன்றைய பொழுதுக்கான பலமெல்லாம் அத்தோடு தீர்ந்து விட்டாற்போன்ற களைப்பு. தைராய்டு சுரப்புக் குறைவு என்று மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து ஒன்றரை மாதமாகின்றது. இன்னமும் சோர்வு விலகவில்லை. “முனாஃபிக்குகள் தொழுகைக்குச் சோம்பலாக நிற்பார்கள் என்று குர்ஆனில் வருகின்றதே, அந்தக் கூட்டத்தில் நானும் சேர்ந்து விட்டேனா?”

எங்கள் முதலியார்பேட்டையில் கணவர் மூலமாகவும் சகோதரர் மூலமாகவும் பெண்கள் கேட்டனுப்பும் கேள்விகளில் இப்போது இதுவும் ஒன்று. “ஒன்றுமில்லை, பொறுமையாயிருங்கள்” என்று சொல்லி அனுப்பி விடுவது எளிது. ஆனால் கேட்டவர் தம் ஈமானையே சந்தேகித்துக் கேட்டிருக்கின்றார். அதற்குரிய பதில் அவருக்குக் கிடைத்தாக வேண்டும்.

அன்னிஸா சூராவின் 142-ஆம் வசனம் முனாஃபிக்குகளைப் பற்றிச் சொல்வது உண்மையே. ஆனால் அவ்வசனம் சோம்பலை மட்டும் தனியே சொல்லி நிறுத்தவில்லை. மனிதர்களுக்குக் காட்டுவதற்காக நிற்பதையும், அல்லாஹ்வை மிகக் குறைவாகவே நினைப்பதையும் அதனுடன் சேர்த்தே சொல்கின்றது. வைகறை இருட்டில், வீட்டார் உறங்கும் வேளையில், யார் கண்ணிலும் படாமல் சுவரைப் பிடித்துக் கொண்டு எழும் ஒரு பெண் யாருக்குக் காட்டுகின்றாள்?

நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி ஓதிவந்த ஒரு துஆவை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். மதரஸாவில் சிறுவயதிலேயே மனனம் செய்விக்கும் துஆ அது. அதில் ‘அஜ்ஸ்’ என்பதிலிருந்தும் ‘கஸல்’ என்பதிலிருந்தும் நாயகமவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகின்றார்கள். முன்னது இயலாமை; பின்னது சோம்பல். இரண்டும் ஒன்றாயிருந்தால் இரண்டு சொற்கள் எதற்கு? சக்தியே இல்லாதிருப்பது அஜ்ஸ் என்றும், சக்தியிருந்தும் நன்மையின்பால் மனம் எழாதிருப்பது கஸல் என்றும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்கம் தருகின்றார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். இரண்டு பேருமே படுத்திருக்கின்றார்கள்! ஒருவர் மீது குற்றமுண்டு; மற்றவர் மீது இல்லை.

இங்கேதான் இந்த நோய் ஒரு சிக்கலைக் கொண்டு வருகின்றது. கால் முறிந்தவருடைய இயலாமை ஊரறிய இருக்கும். அவருடைய காலுக்குத்தான் பலமில்லையே தவிர, நடக்கும் ஆசைக்குக் குறைவில்லை. தொண்டையின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் இச்சிறு சுரப்பி மந்தமாகி விட்டாலோ உடலின் ஒவ்வோர் அணுவும் மந்தமாகின்றது. நாடி தளர்கின்றது, குளிர் தாங்கவில்லை, மறதி வருகின்றது, மனமும் சோர்ந்து விடுகின்றது. அதாவது, நோய் கை கால்களோடு நிற்காமல் விருப்பத்தையும் தொட்டு விடுகின்றது. “எனக்கு முடியவில்லையா, அல்லது மனமில்லையா?” என்று நோயாளியே தம்மைக் கேட்டால் அவருக்கே விடை தெரிவதில்லை.

இந்நோய்க்கு 1891 வரை மருந்தே இருக்கவில்லை. அவ்வாண்டு இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், உடலும் பேச்சும் மந்தமாகி அந்நியரைக் காணவும் கூசிக் கிடந்த 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அப்பெண்மணி தேறி, தொடர்ந்து மருந்துண்டு, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடைய மந்தத்தைக் குணக்கேடு என்று எத்தனை பேர் அதற்கு முன் நினைத்திருப்பார்களோ, அல்லாஹ்வே அறிவான். (இன்று நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் லெவோதைராக்ஸின் மாத்திரையின் மருந்துப் பொருள் ரசாயன முறையில் தயாரிக்கப்படுவது, மிருகத்தின் சுரப்பியிலிருந்து எடுக்கப்படுவதன்று. ஹலாலா என்று கேட்டுத் தயங்கும் சகோதரிகளுக்காக இதைச் சொல்கின்றேன்.)

“கடலோரத்தில் மீன் தின்று வளர்ந்த நமக்கு இது எப்படி வரும்?” என்று கேட்பவர்களும் உண்டு. அயோடின் குறைவு மட்டுமே இதற்குக் காரணமன்று. உடலின் எதிர்ப்புச் சக்தியே இச்சுரப்பியைப் பகையாக எண்ணித் தாக்குவதும் உண்டென்பது, ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ 1912-இல் விவரித்த நோயில் பின்னாளில் கண்டறியப்பட்ட செய்தி. புதுச்சேரிப் பெண்களிடையே நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, 100 பேரில் 11 பேருக்கு மேல் இச்சுரப்பு குறைந்திருக்கக் கண்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆரம்ப நிலை. ஒரு தெருவில் பத்து வீடுகளுக்குள் ஒருவராவது இருக்கக்கூடும் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

மருந்து தொடங்கிய பின்னும் ஏன் இத்தனை தாமதம்? இம்மருந்து இரத்தத்தில் மெதுவாகச் சேர்ந்து மெதுவாகவே குறைவது. உள்ளே சென்றதில் பாதி கழிவதற்கே ஏறத்தாழ ஒரு வாரமாகின்றது. அளவை மாற்றினால் உடல் புதிய நிலையில் நிலைபெற ஆறு வாரங்கள் பிடிக்கும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து டி.எஸ்.எச். பரிசோதனைக்கு வரச் சொல்கின்றார்கள். 25 மைக்ரோகிராமா, 50-ஆ, 75-ஆ என்று ஒருவருக்கு ஏற்ற அளவு அமைய இப்படி இரண்டு மூன்று சுற்றுக்கள் ஆகலாம். பத்தே நாளில் பொறுமையிழந்து அண்டை வீட்டாரின் யோசனைப்படி இரண்டு மாத்திரையாக விழுங்குவது இதயத்தைப் படபடக்கச் செய்யும். நாளடைவில் எலும்பையும் பலவீனப்படுத்தும். தேறியதும் தாமே நிறுத்தி விடுவதும் அதே அளவு தவறு. இரத்தக் கணக்கு சரியான பின்னும் சோர்வு தீராதவர்களும் இருக்கின்றார்கள். இரத்தசோகை, பி12 வைட்டமின் குறைவு, உறக்கக் கோளாறு, மனச்சோர்வு என்று வேறு காரணங்களையும் மருத்துவர் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். “ரிப்போர்ட் நார்மல்தானே, இன்னும் என்ன?” என்று வீட்டார் வாயடைப்பது நியாயமாகாது. அய்யூப் (அலை) அவர்களின் ஸப்ரை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கின்றோம். அவர்கள் தம் துன்பத்தை அல்லாஹ்விடம் வாய் திறந்து முறையிட்டார்கள் என்பதும், காலால் தட்டி வெளிப்பட்ட நீரில் குளித்துப் பருகும்படி அவர்களுக்குக் கட்டளை வந்தது என்பதும் அதே வரலாற்றில் உள்ளவைதாம்.

இனி, பல வீடுகளில் எழும் ஒரு வழக்கு. “தொழுகைக்கு எழ முடியவில்லையாம், சமைக்க முடியவில்லையாம், ஆனால் தங்கை நிக்காஹுக்கு மட்டும் நாள் முழுக்க நின்றாளே!” கேட்க வலுவான வாதம் போலிருக்கும். ஆனால் நோயுற்ற உடலும் ஒரு நாளைக்குத் தன்னை உந்திக் கொள்ளும். அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடந்து அதற்கான கடனை அடைக்கும். அந்த மூன்று நாளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே இந்த அளவுகோலை நான் ஏற்கவில்லை.

அத்தவ்பா சூரா வேறோர் அளவுகோலைக் காட்டுகின்றது. ஹிஜ்ரி 9-இல் தபூக் போருக்குப் புறப்படும் வேளையில் சிலர் பொய்க் காரணம் சொல்லி அனுமதி பெற்று வீட்டிலிருந்தார்கள். அதில் அவர்களுக்கு மகிழ்ச்சி. வேறு சிலர் வாகனம் கேட்டு வந்து, இல்லையென்றதும் கண்ணீர் பெருகத் திரும்பிப் போனார்கள். இரு சாராருமே போருக்குப் போகவில்லை. ஆனால் மதீனாவில் தங்கிய சிலர், உத்ர் தடுத்து விட்ட காரணத்தால், கடந்து சென்ற ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் உங்களுடன் இருந்தார்கள் என்ற கருத்தில் நாயகமவர்கள் தோழர்களிடம் அறிவித்த செய்தி புகாரியில் பதிவாகியிருக்கின்றது. தவறிப் போனதற்காக உள்ளம் வலிக்கின்றதா, நிம்மதியடைகின்றதா? இதை அவரவர் தனிமையில் கேட்டுக் கொள்ள வேண்டும்; மாமியாரோ கணவரோ, ஏன், ஆலிமோ கூட அவர் சார்பில் பதில் சொல்ல முடியாது.

இன்னொரு நுட்பமான சந்தேகமும் சிலருக்கு உண்டு. மாத்திரை உடலில் பிடித்ததும் இபாதத்தில் உற்சாகம் திரும்புகின்றது. அப்படியானால் அந்த உற்சாகம் என்னுடையதா, மாத்திரையுடையதா? உணவு முன்னே வந்திருக்கும்போது தொழுகை வேண்டாம் என்னுமளவுக்கு உடலின் தேவையைக் கணக்கில் எடுத்தது நம் மார்க்கம். பசித்தவர் உண்ட பின் மனமொன்றித் தொழுதால் அத்தொழுகை சோற்றுக்குச் சொந்தமென்று யாரும் சொல்வதில்லையே! உற்சாகம் அல்லாஹ் தரும் ஓர் அருள். நாம் கேட்கப்படுவது நிய்யத்தைப் பற்றி. உற்சாகமே இல்லாத மாதங்களில் செய்த இரண்டு ரக்அத் இலேசானதாயிருக்குமென்று நான் நினைக்கவில்லை.

சட்டத்துக்கு வருவோம். புத்தி தெளிவாயிருக்கும் வரை ஃபர்ளான தொழுகை எந்த நோயாளியின் மீதிருந்தும் நீங்குவதில்லை. மாத்திரையைக் காரணம் காட்டித் தொழுகையையே விட்டு விடுவோருக்கு இக்கட்டுரையில் ஆதாரமெதுவும் இல்லை. ஆனால் தொழும் முறை இலேசாகின்றது. மூலநோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்றும், இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழ அனுமதி கிடைத்தது. எதுவரை இயலும் என்று பார்ப்பது? நிற்பதால் உள்ளச்சமே போய்விடுமளவு சிரமம் உண்டாவதை அளவாகச் சொன்னார்கள் இமாமுல் ஹரமைன் (ரஹ்) அவர்கள். முயற்சி செய்தும், எழுப்பி விடச் சொல்லி வைத்தும், உறக்கத்தில் ஸுப்ஹு தப்பி விட்டால் விழித்தவுடன் தொழ வேண்டும். உறக்கத்தில் அலட்சியம் என்பது இல்லை என்பது அபூகதாதா (ரலி) அவர்கள் வாயிலாக வந்த ஹதீஸின் கருத்து.

நஃபிலில் இன்னும் விசாலமுண்டு. ஒருநாள் பள்ளியில் இரு தூண்களுக்கிடையே கயிறு ஒன்று கட்டியிருக்கக் கண்டு நாயகமவர்கள் விசாரித்தார்கள். ஸைனப் (ரலி) அவர்களுடையது, தொழுகையில் களைத்தால் இதைப் பற்றிக் கொள்வார்கள் என்று பதில் வந்தது. அதை அவிழ்க்கச் சொல்லி, தெம்புள்ளவரை நின்று தொழுதுவிட்டுக் களைத்தால் உட்காரும்படி பணித்தார்கள். வழக்கமான அமல்கள் நோயினால் விடுபட்டவருக்கு, ஆரோக்கியத்தில் செய்தவை அப்படியே எழுதப்படுகின்றன என்ற நற்செய்தி அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிப்பது. ஆகவே சகோதரி தம் தஹஜ்ஜுதைக் கயிறு கட்டித் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

ரமளானில் என்ன செய்வது? மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே உண்ண வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பகலில் விழுங்கினால் நோன்பு முறியும். எனவே சஹர் உணவுக்கு முன்னதாகவோ, இரவு கடைசியாக உண்டு மூன்று மணி நேரம் கழித்தோ உட்கொள்ளும் முறைகளில் எது தமக்கு உகந்தது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக் கொள்ளலாம். மாத்திரை உண்பதொன்றே நோன்பை விடக் காரணமாகாது. அளவு சீராகாத மாதங்களில், நோன்பு நோயைக் கூட்டுமென்று நம்பகமான மருத்துவர் சொன்னாலோ, தாங்கவொண்ணாச் சிரமம் உண்டானாலோ விட்டு விட்டுப் பின்னர் களாச் செய்ய வேண்டும். குணமாகும் நம்பிக்கையுள்ளவர் ஃபித்யாவுடன் முடித்துக் கொள்ள முடியாது.

சஹருக்கு முன் மாத்திரை என்றால் அந்தப் பெண் மற்றவர்களுக்கு முன்பே எழ வேண்டும். எழுந்தவள் அப்படியே அடுப்படிக்குள் நுழைந்து, வீட்டார் அனைவருக்கும் சோறாக்கி, பரிமாறி, பாத்திரம் கழுவி, பிற்பகலில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி களைவதும் நம் வீடுகளில் வழக்கமாகி விட்டது. சமைப்பது மனைவியின் மீது கட்டாயக் கடமையென்று நம் ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகள் சொல்லவில்லை. அவள் மனமுவந்து செய்யும் உபகாரம் அது. நாயகமவர்கள் வீட்டிலிருக்கையில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்து, தொழுகை நேரம் வந்ததும் எழுந்து செல்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். மாத்திரையையும் தண்ணீரையும் அவளிடம் கொடுத்துவிட்டு இன்னும் முக்கால் மணி நேரம் அவளை உறங்க விட்டால், அதற்குள் குழம்பைச் சூடாக்கித் தட்டுக்களை எடுத்து வைக்க ஆண்பிள்ளைகளால் முடியும்.