திரும்பி வர முடிந்தவர்களின் காடு

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பஹாங்கைத் தாண்டியதும் சாலை முடிந்து காடு தொடங்குகிறது. 1928இல் பந்தாய் ஆச்சே வனக்காப்பகமாக ஆனது, 2003இல் பினாங்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நிலப்பரப்பு சுமார் 1,200 ஹெக்டர்தான். ஜார்ஜ் டவுனிலிருந்து காலையில் கிளம்பினால், வேர்களைப் பிடித்து மேடேறி, பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் இறங்கி, சாயங்காலம் ஊருக்குள் வந்து செண்டோல் சாப்பிடலாம். கால் ஓய்ந்துபோனால் படகு பிடித்தும் திரும்பலாம்.

வாரக்கடைசியில் முதுகுப்பையோடு கிளம்பும் பிள்ளைகளிடம் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் கேட்பது உண்டு: "காட்டுல அப்படி என்னடா இருக்கு? அத விட்டு வெளிய வரத்தான நாங்க இவ்ளோ பாடுபட்டோம்?" சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடக்கூடிய கேள்விதான். ஆனாலும் நின்று யோசிக்க வேண்டிய கேள்வி. ஒருவருக்குத் தண்டனையாக இருந்த அதே அட்டைக்கடியும் அதே வியர்வையும் இன்னொருவருக்கு எப்படி விளையாட்டாகின்றன?

1786இல் இங்கே வந்திறங்கிய பிரான்சிஸ் லைட் பீரங்கியில் வெள்ளிக்காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். காசைத் தேடிப் போனவர்கள் காட்டையும் வெட்டித் தீர்த்தார்களாம். கதை உண்மையோ பொய்யோ, அதிலுள்ள கணக்கு பிறகு உண்மையாகவே நடந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம்மவர்கள் எதிர்க்கரையில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னால் ரப்பர் தோட்டங்களுக்கும் போனார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை அதற்குப் பிறகும் ஓடியது. 1938இல்தான் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பலருடைய பேரில் கடன் ஏறியிருந்தது. விடியுமுன் பிரட்டில் நின்று, இருட்டோடு மரத்துக்கு மரம் நடந்த அந்தத் தூரத்துக்கு யாரும் சாகசம் என்று பேர் வைக்கவில்லை.

வித்தியாசம் காட்டில் இல்லை, வெளியேறும் வழியில் இருக்கிறது. இன்று நடப்பவனுக்குத் திரும்பிப் போக ஒரு வீடும், கூப்பிட்டால் வர ஒரு படகும் உண்டு. அவன் படும் கஷ்டம் அவனே தேர்ந்தெடுத்தது; வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம். தோட்டத்துக்காரருக்கு அந்த 'வேண்டாம்' இல்லை.

அப்படியானால் இந்த நடை வெறும் பாவனையா? நான் அப்படி நினைக்கவில்லை. விரும்பிக் கஷ்டப்படுவது நமக்குப் புதிதும் அல்ல. இதே தீவில் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளைக் காவடியோடு வெறுங்காலில் ஏறுகிறவர்களை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் அந்த ஏற்றத்துக்கு நம் மொழி வைத்திருக்கும் பெயரைக் கவனியுங்கள்: நேர்த்திக்கடன். ஏறுகிறவருக்குத் தான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று தெரியும். தோட்டத்துக்குப் போனவரும் கடனோடுதான் நடந்தார், அது அவர் கழுத்தில் மாட்டப்பட்ட கடன். பொழுதுபோக்காக நடக்கிறவர் மட்டுமே தான் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு நடக்கிறார். இங்கேதான் எனக்குச் சிக்கல்.

"சும்மா நடக்கப் போறவன் தலையிலயும் ஏன்யா கடன ஏத்துறீங்க? ஒரு நாளாவது நிம்மதியா இருக்க விடுங்க" என்று கேட்கலாம். நியாயம்தான். பாட்டன் பட்ட பாட்டை நினைத்துப் பேரன் குற்ற உணர்ச்சியோடு நடக்க வேண்டியதில்லை. அவர்கள் பாடுபட்டதே, பேரப்பிள்ளைகள் காட்டுக்குள் போனால் இஷ்டப்பட்டுப் போகவும், இஷ்டப்பட்டபோது திரும்பி வரவும்தானே! ஆனால் நான் சொல்லும் கடன் பாட்டனுக்கு உரியது அல்ல. திரும்பி வர முடிந்தவர், திரும்ப முடியாதவற்றுக்குத் தர வேண்டியது.

பந்தாய் கெராச்சுட்டில் கடலாமைகள் முட்டையிடுகின்றன. இரவில் அங்கே கூடாரம் போட்டவர் அடிக்கும் ஒரு டார்ச் வெளிச்சம் போதும், கரையேறிய ஆமை மிரண்டு முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிட. நமக்கு அது ஒரு படம். அதற்கோ அந்தக் கரை வேண்டும். தெலுக் டூயோங்கில் குரங்குக்கு ரொட்டி நீட்டுகிறவர் அன்றே போய்விடுவார். மனிதக் கையில் தின்று பழகிய குரங்கு அடுத்து வரும் குழந்தையின் பையைப் பிடுங்கும். பழியும் அதன் மேல்தான் விழும். கெராச்சுட் ஏரியில் மேலே நன்னீரும் கீழே கடல்நீரும் கலக்காமல் நிற்கும் காலம் உண்டு; வறண்டு வெறும் தரையாகக் கிடக்கும் காலமும் உண்டு. காய்ந்த நாளில் போய் "ஏரியே இல்லையே, ஏமாத்திட்டாங்க" என்று குறைபடுகிறவர், காடு தனக்காகக் காட்சி வைத்திருக்கிறது என்று நினைக்கிறார்.

மனிதர்களும் இருக்கிறார்கள். மழை எச்சரிக்கையைக் கேட்காமல் கிளம்பிச் சறுக்கி விழுந்தவரைத் தூக்கிவர வேறு யாரோ அதே மழையில் ஏற வேண்டும். துணிச்சல் நம்முடையது, அதன் விலையில் பாதி அவர்களுடையது. இந்தக் காடும் தானாக மிஞ்சிவிடவில்லை. இதைக் காப்பாற்ற வேண்டும் என்று மலேசிய இயற்கைக் கழகத்தினரும் அறிவியல் பல்கலைக்கழகத்தினரும் வலியுறுத்தியதால்தான் நமக்கு நடக்க ஒரு பாதை கிடைத்திருக்கிறது.

இந்தக் கடன் பெரிதல்ல. கொண்டுபோன குப்பையைக் கொண்டுவருவது, வெளிச்சத்தை அணைப்பது, கையிலிருக்கும் ரொட்டியைப் பைக்குள் வைப்பது, வானம் கறுத்தால் வெட்கப்படாமல் திரும்புவது. வேண்டாம் என்று திரும்பும் உரிமை தோட்டத்தில் நம்மவர்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த தலைமுறை அதைப் பயன்படுத்தக் கூச்சப்படுவதில் என்ன வீரம் இருக்கிறது?

"காட்டுல என்ன இருக்கு?" என்று கேட்கும் பெரியவருக்கு அழகான காட்சிகளைப் பட்டியல் போட்டுப் பதில் சொல்ல முடியாது. அவர் அதையெல்லாம் பார்த்தவர். "நாம போன பின்னாடியும் அங்கயே இருக்க வேண்டியது நெறைய இருக்கு" என்று சொன்னால் ஒருவேளை அவருக்குப் புரியும். அங்கேயே இருக்க வேண்டியிருந்தவர் அவர்.