பள்ளி நேரம் போக

பள்ளி என்பது பாடம் நடக்கும் இடம் என்று சொல்லிவிடலாமா? 2020 மார்ச்சில் தமிழ்நாட்டில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடையில் பாடம் கல்வித் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் வீடு தேடிப் போயிற்று. கைபேசி இல்லாத வீடுகளைப் பற்றி நிறையப் பேசினார்கள், அது நியாயமே. ஆனால் கருவி எல்லோர் கைக்கும் வந்துவிட்டால் கேள்வி தீர்ந்துவிடுமா என்பதுதான் என் விஷயம்.

பாடத்தை வேறு வழியில் கொடுக்க முடியுமானால் பள்ளி என்ற ஸ்தாபனம் எதற்கு? இவான் இல்லிச் 1971இலேயே இதைக் கேட்டார். கற்க விரும்புகிறவர்களைக் கம்ப்யூட்டர் ஒருவரோடொருவர் சேர்த்துவைக்கலாம் என்றார். அவருக்குப் பள்ளி கிட்டத்தட்ட ஒரு சிறை. அதை நான் முழுக்க மறுக்கவில்லை. ஆனால் சிறைக்கு வெளியே இருப்பது என்ன என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது.

சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்பார்கள்: தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். பிள்ளைகளை ஏற்றிப்போக விடியுமுன் கிராமங்களுக்கு பஸ் வந்த காலம் ஒன்று இருந்தது. அதைப் பற்றி எழுதினார்கள், வழக்கும் நடந்தது, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பஸ்ஸைப் பார்க்க முடிந்ததால் அதை எதிர்க்கவும் முடிந்தது. பார்க்க முடியாத இன்னொரு ஆபீஸ் வீட்டுக்குள் இருந்தது. திண்ணையில் பெட்டி ஒட்டுவார்கள், லேபிள் ஒட்டுவார்கள். குரோஸ் கணக்கில் கூலி. இங்கே பிள்ளையை வேலைக்கு அனுப்ப வேண்டியதே இல்லை. பிள்ளை ஏற்கனவே அங்கே இருக்கிறது.

1986ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் குழந்தைகளைத் தடுத்தது. கூடவே ஒரு விலக்கும் வைத்தது: குடும்பத்தாரின் உதவியோடு ஒருவர் நடத்தும் பட்டறைக்கும், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கும் இந்தத் தடை இல்லை. குடும்பத்தையும் பள்ளியையும் ஒரே வாக்கியத்தில் வைத்து, இரண்டையும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவையாக அது கருதியது. 2016 திருத்தம் கொஞ்சம் விழித்துக்கொண்டது. அபாயமில்லாத குடும்பத் தொழிலில் மட்டும், பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலோ விடுமுறையிலோ பிள்ளை உதவலாம் என்றது.

பள்ளி நேரம் போக. ஒரு பிள்ளையின் நாளில் வீட்டுக்கு உரியது எது, உரியதல்லாதது எது என்று பிரிக்க சட்டத்துக்குக் கிடைத்த ஒரே அளவுகோல் பள்ளி மணிதான். பள்ளியே வீட்டுக்குள் வந்து, பாடத்தை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றானபின், பள்ளி நேரம் என்பது எது? அது போக மிச்சம் எது? பாடம் அரை மணி நேரம் ஓடுகிறது. கண் திரையில், கை பசையில். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம். நடப்பதை யாரும் குற்றம் என்றுகூடச் சொல்ல முடியாது.

வகுப்பில் கவனிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை எதையும் கற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அதன் கையில் பசை இல்லை. எந்தப் பயனும் கருதாத அந்த ஐந்தாறு மணி நேரத்தைப் பள்ளி அதற்குக் கொடுக்கிறது. பாடத்தைவிட இதுவே அடிப்படையான கொடை என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டை நான் குற்றம் சாட்டவில்லை. கூலி குறைவாக இருக்கும் வீட்டில் அன்புகூட இன்னொரு ஜோடிக் கையைத் தேடத்தான் செய்யும். அதனால்தான் வீட்டைத் தவிர வேறோர் இடம் வேண்டியிருக்கிறது.

விருதுநகருக்கு இது தெரிந்திருந்தது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்து அங்கே பள்ளி நடத்தினார்கள். காமராஜ் படித்தது அந்தப் பள்ளியில்தான். வீடுகள் தம்மால் தனித்தனியே முடியாத ஒன்றைத் தமக்கு வெளியே சேர்ந்து செய்துகொண்டன. பாதியில் படிப்பை விட்ட அவர் முதலமைச்சரானபின், 1956இல், மதிய உணவு அரசுத் திட்டமாயிற்று. சோறு பள்ளியில்தான் கிடைக்கும் என்பதால் பிள்ளை வீட்டை விட்டு வெளியே வந்தது.

வீட்டிலிருந்தே படிப்பதுதான் சரி என்று சொல்லத்தக்க பிள்ளைகளும் உண்டு: நோயுற்றவர்கள், நடக்க முடியாதவர்கள், வகுப்பறையில் ஜாதி சொல்லி அவமானப்படுத்தப்பட்டவர்கள். அவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அரசுப் பணத்தில் நடக்கும் முழுநேர இணையப் பள்ளிகள் பல, வீட்டில் உடன் இருக்கும் பெரியவர் ஒருவரைக் கற்றல் துணையாகக் கேட்கின்றன. அதாவது, தன் பகலை யாருக்கும் விற்க வேண்டியிராத ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்கின்றன. பெட்டி ஒட்டும் வீட்டில் அப்படி யாரும் இல்லை.

பள்ளியை வீட்டுக்குக் கொண்டுவருவோம் என்கிறவர்கள் எத்தனை பாடம், எந்தக் கருவி என்பதையெல்லாம் பிறகு சொல்லட்டும். பாடம் முடியும்வரை அந்தப் பிள்ளையை யாரும் கூப்பிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.