எல்லைக்கோட்டுக்கு வெளியே

சிறுவர் உதைபந்தாட்டத்தில் மத்தியஸ்தரை ஏசும் தந்தையை, பிள்ளைப் பாசத்தின் மிகுதியென்று நாம் மன்னித்துவிடுகின்றோம். நான் அதனை உரிமைப் பறிப்பென்றே கூறுவேன். 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயம் தனது 31ஆம் உறுப்புரையில் விளையாட்டைச் சிறுவரின் உரிமையாக ஏற்றது. இலங்கை அதனை 1991இல் ஏற்புறுதி செய்தது. உரிமை பிள்ளைக்குரியதெனின், வெற்றியும் தோல்வியும் பிள்ளைக்கே உரியன. நோர்வேயில் 11 வயதுக்கு முன் சிறுவர் போட்டிகளுக்குத் தரவரிசைப் பட்டியல் வெளியிடாதிருப்பதும் இக்கருத்தினாற் போலும்.

போட்டியில்லாத ஆட்டம் சுவையற்றது என்பர். உண்மையே. ஒழுங்கையில் தாமாக ஆடும் சிறுவரும் கோல்களை எண்ணத்தான் செய்கின்றனர். சண்டையிட்டுத் தாமே தீர்த்தும் கொள்கின்றனர். (பெரியோர் தலையிட்டால் அச்சண்டை ஒரு வாரம் நீடிக்கும்!) பாதகமான தீர்ப்பையும் ஏற்று ஆட்டத்தைத் தொடரும் பழக்கம் அங்கேதான் பிறக்கின்றது. தந்தை வெளியே நின்று தீர்ப்பை மறுக்குந்தோறும் அப்பழக்கம் தேய்கின்றது. பயிற்றுநர் இதனை ஆட்டம் தொடங்குமுன்னரே பெற்றோரிடம் சொல்லிவைத்தல் வேண்டும்; பின்னர் சொன்னால் அவர்கள் செவியில் ஏறாது.