கணுக்கால் நனைத்தது போதும்

கடற்கரைக்குப் போகிறோம், கால் நனைக்கிறோம், சுண்டல் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை கொண்ட மாநிலத்தில் பிறந்த நம்மில் எத்தனை பேர் கழுத்தளவு கடலில் நின்றிருக்கிறோம்? "உள்ள போகாதே, இழுத்துடும்" என்று பெரியவர்கள் சொன்னது வங்கக் கடலின் குணம் அறிந்து சொன்ன நல்ல வார்த்தை. அதை மீறச் சொல்லவில்லை. ஆனால் கடலுக்காகச் சொன்ன அந்த வார்த்தையை ஆசைகள் அனைத்துக்கும் போட்ட வேலியாக்கிக்கொண்டோமே, அதைத்தான் உடைக்கச் சொல்கிறேன்.

"அடுத்த வருஷம் கரீபியன் தீவில் எட்டு நாள்" என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் கேள்வி, "எதுக்கு?" காசிக்குப் போகக் காரணம் உண்டு. மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகக் காரணம் உண்டு. வெயிலில் படுத்து நீலக் கடலைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் புறப்பட்டால் அது ஊதாரித்தனம்! முப்பது வருடம் குடும்பத்துக்காக ஓடிய மனிதருக்கும் மனுஷிக்கும் மகிழ்ச்சி ஒரு காரணமாகாதா? ஆகும். கூசாமல், குரல் தாழ்த்தாமல் சொல்லுங்கள்.

"அதெல்லாம் பணக்காரங்களுக்கு" என்பது அடுத்த தடை. செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் நம்மைத் தடுப்பது பெரும்பாலும் பணத்தைவிட மலைப்பு. யார் எங்கே விசாரிப்பது, எந்தப் படிவம், எந்த விமானம், ஆங்கிலத்தில் கேட்டால் என்ன பதில்! ஐயா, அம்மா, ஆயிரம் பேருக்குப் பந்தி போட்டு, மண்டபம் பிடித்து, மாப்பிள்ளை வீட்டுக்குக் கோபம் வராமல் மூன்று நாள் கல்யாணத்தை நடத்தி முடித்தவர்கள் நீங்கள். அந்தத் திறமைக்கு முன்னால் எட்டு நாள் பயணத் திட்டம் எம்மாத்திரம்!

பார்படாஸை எடுத்துக்கொள்வோம். 34 கிலோமீட்டர் நீளமுள்ள சின்னத் தீவு. 2024 ஜூன் 29 இரவு நாமெல்லாம் தூங்காமல் பார்த்தோமே, தென்னாப்பிரிக்காவை இந்தியா ஏழு ரன்னில் வென்ற இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதிப் போட்டி, அது நடந்தது இந்தத் தீவின் தலைநகர் பிரிஜ்டவுனில், கென்சிங்டன் ஓவல் மைதானத்தில். சுற்றுலாவாக வரும் இந்தியரிடம் பார்படாஸ் முன்கூட்டி விசா கேட்பதில்லை. திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் விவரம், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று, இவை கையில் இருக்கட்டும். பலர் தடுமாறுவது வழியில்தான். நேர் விமானம் கிடையாது. லண்டன் வழியாகப் போனால், விமானம் மாற மட்டுமே இறங்கினாலும், பெரும்பாலான இந்தியப் பயணிகளுக்கு டிரான்சிட் விசா தேவை. அமெரிக்கா, கனடா வழிகளிலும் அந்தந்த நாட்டு விசா வேண்டும். ஆகவே வழியை முதலில் முடிவு செய்யுங்கள், அதற்கான விசாவை வாங்குங்கள், டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது அதன் பிறகு. இந்த வரிசை புரிந்துவிட்டால் பாதி பயம் ஓடிப்போகும்.

அடுத்தது தேதி. உலகக் கோப்பையை வென்ற நம் அணி உடனே ஊர் திரும்ப முடியவில்லை, நினைவிருக்கிறதா? பெரில் சூறாவளி வந்து விமான நிலையத்தையே மூட வைத்தது. கோப்பையோடு வீரர்கள் ஓட்டலில் அடைந்து கிடந்தார்கள். பார்படாஸில் மீன்பிடிப் படகுகள் நொறுங்கின. பக்கத்தில் கிரனடா நாட்டின் கரியகூ தீவு தரைமட்டமானது. அங்கே சூறாவளிப் பருவம் ஜூன் 1 தொடங்கி நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை உக்கிரம். டிசம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை வானம் தெளிவு, ஆனால் குளிருக்குப் பயந்து ஓடிவரும் ஐரோப்பியரும் அமெரிக்கரும் நிறைந்து அறை வாடகை எகிறிவிடும். ஈஸ்டர் முடிந்ததும் வாடகை இறங்கும். சூறாவளியோ இன்னும் தொடங்கியிருக்காது. ஏப்ரல் கடைசியும் மே மாதமும்! நம் பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு விடுமுறை எப்போது? அதே நாட்கள். இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த மாதங்களில் ஒரு தொல்லை உண்டு. 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி அட்லாண்டிக்கிலிருந்து குவியல் குவியலாய் வந்து கரை ஒதுங்குகிறது. அதிகம் அடிபடுவது கிழக்குக் கரை, தென்கரைக்கும் வரும். மேற்குக் கரையில் பெரும்பாலும் தண்ணீர் தெளிவாக இருக்கும். அலையிலும் அதே வித்தியாசம். கிழக்கே பத்ஷீபாவில் அலைச்சறுக்கு வீரர்கள் விளையாடும் முரட்டுக் கடல்; கண்ணால் பாருங்கள், இறங்க வேண்டாம். மேற்கே ஹோல்டவுன் பக்கம் அலை அடங்கிக் கிடக்கும். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுக்குப் போகலாம்.

இன்னொன்றை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்: பார்படாஸில் கடற்கரைகள் எல்லாம் பொதுமக்களுக்குரியவை. உலகக் கோடீஸ்வரர்கள் தங்கும் ஓட்டலின் முன்னாலுள்ள மணலிலும் உங்கள் துண்டை விரித்து உட்காரலாம். யாருக்கும் கைகட்டி நிற்கத் தேவையில்லை. விலை குறைந்த அறையைத் தென்கரையில் வர்த்திங் பக்கம், சமையலறையோடு பிடியுங்கள். நீல நிற அரசுப் பேருந்தும் மஞ்சள் மினி பேருந்தும் கரையோரமாகவே ஓடுகின்றன. ஓர் அமெரிக்க டாலருக்கு இரண்டு பார்படாஸ் டாலர், கணக்குப் போடவும் சுலபம். சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்படாதீர்கள். அவர்கள் சோற்றோடு வேகவைக்கும் பயறு நம் துவரை, சீமைப்பலா உண்டு, உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி உண்டு. மீன் பிரியர்கள் வெள்ளிக்கிழமை இரவு ஆய்ஸ்டின்ஸ் மீன் சந்தைக்குப் போகட்டும். ராணுவச் சீருடை போன்ற புள்ளித் துணியை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். குழந்தை அணிந்தாலும் அங்கே குற்றம். கரையோரம் பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும் மான்சினீல் மரம் விஷம். மழைக்குக்கூட அதன் கீழே ஒதுங்கக் கூடாது.

"அந்தக் கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. 1853இல் ஓரேலி என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு புதுச்சேரிப் பக்கமிருந்து மார்டினிக் தீவுக்குப் போனது. மறு ஆண்டே குவாதலூப்புக்கும் போனது. ஏறியவர்களில் பெரும்பகுதி தமிழர். கரும்புத் தோட்டத்தில் முதுகொடிந்த அவர்களின் சந்ததி இன்றும் அங்கே மாரியம்மனைக் கும்பிடுகிறது. அந்த வம்சத்தில் 1863இல் குவாதலூப்பில் பிறந்த ஆன்ரி சிதம்பரம், இந்திய வம்சாவளியினரின் வாக்குரிமைக்காக 1904இல் எழுந்து, 1923 வரை விடாமல் வாதாடி வென்றார். தேர்ந்தெடுக்க வழியில்லாத நிலையில் கடல் கடந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். டிக்கெட்டும் தேதியும் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உள்ள நீங்கள் கூனிக் குறுகலாமா? அந்தத் தீவுகளுக்கும் போக ஆசையென்றால் கவனம்: அவை பிரான்சுக்குச் சொந்தமானாலும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. ஷெங்கன் விசா மட்டும் போதாது. அத்தீவுகளுக்கெனத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

நீச்சல் தெரியாதா? பயணத்துக்கு ஒரு வருடம் இருக்கிறது. உங்கள் ஊர் நீச்சல் குளத்தில் பயிற்சிக்குச் சேருங்கள். ஐம்பது வயதிலும் உடம்பு மிதக்கும். பெண்களே, "இந்த உடம்போடு எப்படி?" என்ற பேச்சே வேண்டாம். முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை கடையில் கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். உங்கள் உடம்பு, உங்கள் விடுமுறை.

இன்று இரவே வீட்டில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து மேசையில் பரப்புங்கள். பயண நாளுக்குப் பிறகு ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கிறதா, பெயர் எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் படுக்கப் போகும் முன் சேவை மையத்தில் நாள் பதிவு செய்துவிடுங்கள்.