பெயர் சுட்டாமை

பெயர் இல்லாமல் போவது வேறு, பெயரைச் சொல்லாமல் விடுவது வேறு. தமிழ் மரபில் இரண்டும் உண்டு.

அகத்திணைப் பாடலில் காதலர் இருவரின் இயற்பெயரும் வரலாகாது என்பது தொல்காப்பிய விதி. ஊரையும் மலையையும் பெயர் சொல்லிப் பாடலாம். தலைவன் தலைவன்தான், தலைவி தலைவிதான். விதி எவ்வளவு கறாரானது என்பதை நெடுநல்வாடையில் பார்க்கலாம். கணவனைப் பிரிந்து வாடும் அரசியின் பாட்டு அது. யார் பெயரும் இல்லை. ஆனால் கணவனின் பாசறையில் ஒரு வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியர் சின்னம். ஆள் யாரென்று அந்தத் தழை காட்டிக் கொடுத்துவிட்டதால் பாட்டு அகமாகாது, புறமே என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். கொஞ்சம் அதிகப்படியான கண்டிப்புதான். ஆனாலும் பெயர் விலகிய இடத்தில் எந்தக் காலத்து வாசகரும் தம்மை வைத்துப் பார்க்க முடிகிறது.

பாடியவர் பெயரே தொலைந்த சங்கப் பாடல்களும் உண்டு. தொகுத்தவர்கள் அவற்றை ஒதுக்கவில்லை. பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துப் புலவருக்குச் சூட்டினார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார் எல்லாம் இப்படி வந்த பெயர்களே. இழப்பும் சிறியதல்ல. இவர்கள் ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன தொழில் என எதுவும் தெரியாது.

சமய மரபில் பெயரின்மை பணிவின் அடையாளம். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் தனியடியார்களோடு, பெயர் சொல்லாமல் கூட்டமாகக் குறிக்கும் ஒன்பது தொகையடியார்களையும் போற்றினார். அவர்களுள் 'அப்பாலும் அடிச்சார்ந்தார்' என்போர் தமிழ்நாட்டு எல்லைக்கும் அவர் காலத்துக்கும் அப்பாற்பட்ட அடியவர்கள். முன்பின் அறியாதவருக்கும் அந்த வணக்கம் போய்ச் சேர்கிறது. கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்து நிற்கும் 'உபயம்' எழுத்துகள் இதற்கு நேர் எதிர்.

பெயரை மறைப்பது பணிவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அதிகாரிக்கு அஞ்சும் எளியவர் முறையிடவும் மொட்டைக் கடுதாசிதான் வழி, வேண்டாதவர் மேல் பழி போடவும் அதுதான் வழி. கடிதத்தைப் பெற்றவருக்கு எழுதியவர் முகம் தெரியாது. மறுத்துக் கேட்கவும் ஆளில்லை. தன் பெயரை மறைத்துப் பெரியவர் பெயரைப் போட்டுக்கொள்வதும் உண்டு. அகத்தியர் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்கள் பலவற்றின் தமிழ் மிகப் பிற்காலத்தது. உண்மையில் எழுதிய வைத்தியர் யார், எந்த நூற்றாண்டினர் என்று தெரியாமலே அவர் சொன்ன அளவில் மருந்து அரைபடுகிறது.