மறைக்கப்படும் மாத்திரை

நோயை மறைத்து மணம் முடித்தல் பொய்யாகுமா? வினவாததைச் சொல்லாதிருப்பது பொய்யன்று என வாதிடுவோர் உளர். காரைக்காலை அடுத்த நெரவி போன்ற ஊர்களில் ஒரு வீட்டுச் செய்தியை மறுநாளே தெரு அறியும். ஆகவே, கால்கை வலிப்புக் கண்ட மகளின் மாத்திரையைப் பெற்றோர் மறைப்பதன் காரணம் நமக்கு விளங்காமலில்லை. ஆயினும் அம்மாத்திரையின் இயல்பை அறிந்தோர் அவ்வாதத்தை ஏற்கார்.

தூக்க மருந்தாக வந்த பினோபார்பிட்டல் வலிப்பையும் அடக்கும் என்பதை 1912இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரெட் ஹாப்ட்மன் வெளியிட்டார். அதன் கிளையே மெத்தில்பினோபார்பிட்டல். 'மெபரால்' என்ற பெயரில் அமெரிக்காவில் நெடுங்காலம் விற்பனையாகி, 2012இல் அங்கே நின்றுபோயிற்று. கல்லீரல் அதனைப் பெரிதும் பினோபார்பிட்டலாகவே மாற்றிவிடுவதால், இழப்பு பெரிதன்று என்பது நம் எண்ணம். மூல மருந்து 'கார்டினால்' என்ற பெயரில் நம் நாட்டில் மலிவாகவே கிடைக்கிறது.

இம்மருந்துகளுக்கு ஒரு கடுமை உண்டு. திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு முன்னினும் வேகமாகத் திரும்பும். இடைவிடாது தொடர்ந்து உயிரையும் பறிக்கக்கூடும். புகுந்த வீட்டில் மாமியார் கண்ணுக்கு அஞ்சி மருமகள் சில நாள் மாத்திரையை விட்டுவிட்டால் என்னாகும்? அவள் கருவுற்றால், உண்ணும் மருந்தை அறியாத மருத்துவர் சிசுவுக்கு வேண்டிய காப்பைச் செய்வது எங்ஙனம்? குளத்தில் தனியே நீராடாதே என்று தடுக்கவும் அவ்வீட்டில் ஆளிராது. பொய்யாமையும் கொல்லாமையும் இங்கே ஒரே விரதமாகிவிடுகின்றன.

மறைப்பவரை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. சமணரையும் உள்ளடக்கிய 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில், அடிக்கடி வலிப்புக்கு ஆளாவோர் மணத்திற்குரியரல்லர் என 1976இல் விதி சேர்க்கப்பட்டது. அந்நோயின் பெயர் அவ்விதியிலிருந்து நீங்க 1999 வரை காத்திருக்க நேர்ந்தது. சட்டம் கைவிட்ட அச்சத்தை நம் வீடுகள் இன்னும் கைவிடவில்லை. உண்மையைச் சொன்ன வீட்டாரை மறுவாரமே ஊரார் வாயில் விடுபவர், அடுத்த வீட்டாருக்குப் பொய் கற்பிக்கிறார். மறுபுறம், முக்கியச் செய்தியை மறைத்துப் பெற்ற சம்மதம் மணத்தையே இரத்துச் செய்யக் காரணமாகலாம் என்பது இன்றும் சட்டமே.

ஊருக்கெல்லாம் உரைக்க வேண்டுவதில்லை. நிச்சயதார்த்தத்திற்கு முன்பே மணமகனும் அவன் பெற்றோரும் அறிந்தால் போதும்: மருந்தின் பெயர், அளவு, கடைசியாக வலிப்பு வந்த நாள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கலாகாது, இரும்புச் சாவியால் பயனில்லை, ஐந்து நிமிடம் கடந்தால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பவற்றையும் அப்போதே சொல்லிவிடலாம்.