ஒளிவிலகலில் இறைவனைத் தேடியவர்கள்

கிண்ணத்தின் அடியில் ஒரு காசைப் போட்டு, விளிம்பு அதை மறைக்கும்வரை பின்னால் நகர்ந்து நில்லுங்கள். கிண்ணத்தை அசைக்காமல் வேறொருவர் தண்ணீர் ஊற்றினால், மறைந்த காசு மெல்ல எழும்பிவந்து கண்ணில் படும். நீர்ப்பரப்பைத் தாண்டும்போது ஒளி திசை மாறுவதுதான் காரணம். எந்தக் கோணத்தில் மாறுகிறது என்பதற்கு 1662-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா வியப்பான ஒரு விதியைத் தந்தார்: காசிலிருந்து கண்ணுக்கு எத்தனையோ வழிகள் இருந்தாலும், மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் வழியிலேயே ஒளி வருகிறது. தண்ணீரில் வேகம் குறைவு; அதனால் அங்கே தூரத்தைக் குறைத்து, காற்றில் கூட்டிக்கொள்கிறது. அப்படியானால் போய்ச்சேரும் இடம் ஒளிக்கு முன்கூட்டியே தெரியுமா? தத்துவஞானி தெகார்த்தின் ஆதரவாளரான கிளெர்செலியே அப்போதே ஆட்சேபித்தார்: இயற்கைக்கு முன்யோசனை கிடையாது.

ஆனாலும் இயற்கையில் நோக்கத்தைக் காணும் ஆசை விடவில்லை. 1744-இல் அறிஞர் மோபெர்த்துயி, நேரத்துக்குப் பதிலாக வேகத்தையும் தூரத்தையும் பெருக்கி வரும் அளவை இயற்கை சிக்கனப்படுத்துகிறது என்றார். பிறகு அந்தச் சிக்கனத்தையே படைத்தவனின் ஞானத்துக்குச் சான்றாக்கினார். ஒளிவிலகலில் அவர் கணக்கு சரிவர, ஒளி காற்றைவிடத் தண்ணீரில் வேகமாகப் போக வேண்டும். 1850-இல் பாரிசில் இயற்பியலாளர் ஃபூக்கோ சுழலும் கண்ணாடியைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார். தண்ணீரில்தான் ஒளி மெதுவாகப் போகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு வேகம். சான்று நின்ற தரையே சரிந்துபோனது.

ஃபெர்மாவின் விதி பிழைத்துக்கொண்டதே, நோக்கம் இருப்பதற்குச் சான்றாக அது போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒளியை அலையாகக் கருதிய இயற்பியலாளர் ஹைகன்ஸ் 1690-இலேயே வழி காட்டிவிட்டார். சாய்ந்து வரும் அலைமுகப்பின் ஒரு முனை முதலில் தண்ணீரில் நுழைந்து வேகம் குறைகிறது. மறுமுனை இன்னும் காற்றில் விரைகிறது. முகப்பு தானாகத் திரும்புகிறது. சேருமிடம் எதுவென்று அதற்குத் தெரிய வேண்டியதே இல்லை. போதாக்குறைக்கு, குழியாடிகள் சிலவற்றில் ஒளி எதிரொளித்துவரும் பாதை, அக்கம்பக்கத்துப் பாதைகளைவிட அதிக நேரம் பிடிப்பதாகவும் இருக்கிறது. அங்கே எந்தச் சிக்கனத்தைப் போற்றுவது?

அலைகளை இப்படி நடக்க வைத்தது யார் என்று பக்தர் கேட்டால், அது மதிக்க வேண்டிய கேள்வி. இயற்பியல் அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வதில்லை. ஆனால் ஒளி எப்போதும் மிக நீண்ட வழியில் போயிருந்தாலும் அதே கேள்வியை அதே வலுவோடு கேட்டிருக்கலாம். ஆகவே குறைந்த நேரம் என்ற சிறப்பு அந்தக் கேள்விக்கு எந்த வலுவும் சேர்ப்பதில்லை.